எந்தக் ‘கண்ணான கண்ணே’? ஒரே பெயரில் இருக்கும் பாட்டுகள் பற்றி ஒரு இழை

செந்தூர்ப்பயணி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. போன மாதம் தங்கையின் கல்யாண வரவேற்பில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவும் தங்கையும் மேடையில் சேர்ந்து நிற்கும்போது ‘கண்ணான கண்ணே’ போடவேண்டும் என்று பாட்டு போடுகிற பையனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன், வெறுமனே ‘கண்ணான கண்ணே’ என்று. அவனும் தலையாட்டினான். நேரம் வந்தது. விளக்கைக் குறைத்தார்கள், வீடியோக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்தார். அப்பா வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி கூச்சத்தோடு நின்றார். பாட்டு ஆரம்பித்தது. விஸ்வாசம் படத்துப் பாட்டு இல்லை. ஷான் ரோல்டன் குரலில் நானும் ரௌடிதான் படத்துப் பாட்டு!

நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் பெற்றவர்களை இழந்த பெண்ணுக்கு ஆறுதலாக வருகிற பாட்டு அது. பெண்ணைப் பெற்றவர் மேடையில் நிற்கும்போது அதைப் போட்டால் எப்படி இருக்கும்? சின்னத் தாத்தா “யாருக்கு என்னடா ஆச்சு, சோகப் பாட்டாப் போடுறானுங்க” என்று சத்தமாகவே கேட்டார். நான் ஓடிப்போய் “விஸ்வாசம், விஸ்வாசம்” என்று கத்தி மாற்றச் சொல்வதற்குள் அப்பா மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

பையனைத் திட்ட மனசு வரவில்லை. அவன் போட்டதும் ‘கண்ணான கண்ணே’தானே? 2015இல் ஒன்று, 2019இல் ஒன்று. நாலே வருஷ இடைவெளியில் இரண்டுமே பெரிய பாட்டு. இப்படி ஒரே பெயரில் இருக்கும் பாட்டுகளைச் சேர்த்துப் பார்க்கலாமா? உங்களுக்கு நடந்த கூத்துகளும் வரட்டும்.

---

கடைசிபெஞ்ச்

ஆரம்பத்திலேயே சிரிக்க வைத்துவிட்டீர்கள் அண்ணே. சன் டிவியில் அதே பேரில் ஒரு தொடரும் வந்தது. நல்லவேளை, பையன் அந்தத் தலைப்புப் பாட்டைப் போடவில்லை.

என் கணக்கில் முதலிடம் ‘வெண்ணிலவே’வுக்குத்தான். மின்சாரக் கனவு (1997), வேட்டையாடு விளையாடு (2006), துப்பாக்கி (2012). எனக்குத் தெரிந்து மூன்று.

---

பழையகேசட்

> மின்சாரக் கனவு (1997), வேட்டையாடு விளையாடு (2006), துப்பாக்கி (2012)

தம்பி, இந்தப் பட்டியலில் இன்னொரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? மூன்றிலும் ஹரிஹரன்தான் பாடியிருக்கிறார். முதலாவதில் கூடப் பாடியவர் சாதனா சர்கம், இசை ரஹ்மான். அடுத்த இரண்டும் ஹாரிஸ் ஜெயராஜ் இசை. துப்பாக்கியில் கூடப் பாடியவர் பம்பாய் ஜெயஸ்ரீ. பதினைந்து வருஷத்தில் ஒரே மனிதர் மூன்று தடவை நிலாவைக் கூப்பிட்டிருக்கிறார்!

அவருக்கு இது புதிதும் இல்லை. ‘அன்பே அன்பே’ என்று தொடங்கும் பாட்டு 1998இல் மட்டும் இரண்டு. ஜீன்ஸ் படத்தில் ‘அன்பே அன்பே கொல்லாதே’, உயிரோடு உயிராக படத்தில் ‘அன்பே அன்பே நீ என் பிள்ளை’. இரண்டிலும் அவர்தான். முதலாவது ரஹ்மான் இசை, அனுராதா ஸ்ரீராம் கூட. இரண்டாவது வித்யாசாகர் இசை, சித்ரா கூட.

நான் எண்பதுகளின் கடைசியிலிருந்து கிட்டத்தட்ட பதினைந்து வருஷம் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். இந்தக் குழப்பத்தில் பிழைத்தவன் என்றே சொல்லலாம். சாயந்திரம் வந்து விரிவாக எழுதுகிறேன்.

---

மரபுக்கவி

நல்ல இழை. ஆனால் அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் திரைப்பாட்டுகளுக்குத் தலைப்பே கிடையாது.

ஆங்கிலப் பாட்டுக்காரர் பாட்டை எழுதிவிட்டு அதற்கு ஒரு பெயர் வைப்பார். அந்தப் பெயர் பாட்டின் நடுவில் வரலாம், வராமலும் போகலாம். நம் ஊரில் பல்லவியின் முதல் வரிதான் பெயர். யாரும் தனியாக வைத்ததில்லை. ஏட்டுக் காலத்திலிருந்தே நமக்கு அதுதான் பழக்கம். பழைய பதிப்புகளைப் புரட்டினால் கடைசியில் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’ என்று ஒரு பகுதி இருக்கும், பாட்டெல்லாம் அதன் முதல் சொற்களால் அகர வரிசையில். தேவாரப் பதிகத்தையும் அப்படித்தான் ‘தோடுடைய செவியன்’ என்கிறோம். சம்பந்தர் உட்கார்ந்து வைத்த தலைப்பா அது?

ஆக, ‘ஒரே தலைப்பு’ என்று நாம் சொல்வது உண்மையில் ‘ஒரே தொடக்கம்’தான். ஆங்கிலத்தில் இரண்டு பேர் ஒரே தலைப்பு வைத்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நமக்கு அப்படி இல்லை. நம் பாட்டுகள் ஒரே மாதிரி தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

---

கடைசிபெஞ்ச்

காரணத்தைச் சொல்லாமல் போனால் எப்படி ஐயா, சீரியல் மாதிரி ‘தொடரும்’ போட்டுவிட்டீர்கள்.

---

வேலணையான்

வணக்கம், நான் ரொறன்ரோவிலிருந்து. ஊர் தீவுப்பக்கம்.

எங்கட சின்ன வயதில் இந்தக் குழப்பம் வந்ததே இல்லை, ஏனென்றால் இலங்கை வானொலி அதற்கு விடவில்லை. ஒரு பாட்டுப் போனால் படத்தின் பெயர், பாடியவர்கள், இசை என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் போடுவார்கள். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று ஒவ்வொருவரும் சொல்லும் விதம் வேறு, ஆனால் விபரம் தவறாது. பாட்டைவிடப் படத்தின் பெயர்தான் எங்களுக்கு முதலில் பாடமாகும். படத்தைப் பார்த்தே இருக்கமாட்டோம்!

அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நினைவிருக்குமே. எங்கள் வீட்டில் மாமாமார் கூடி விளையாடும்போது எங்களுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஒருவர் ‘மலரே’ என்று தொடங்கும் பாட்டைப் பாடிவிட்டால் அடுத்தவரும் ‘மலரே’ பாடலாம், ஆனால் வேறு படமாக இருக்கவேணும். அந்த ஒரு சொல்லிலேயே பத்து நிமிடம் போய்விடும். தேன் நிலவில் ‘மலரே மலரே தெரியாதா’, டாக்டர் சிவாவில் ‘மலரே குறிஞ்சி மலரே’, உன் கண்ணில் நீர் வழிந்தால் படத்தில் ‘மலரே மலரே உல்லாசம்’. பிறகு கர்ணா வந்து ‘மலரே மௌனமா’வும் சேர்ந்தது.

இப்ப என்ர மகளிடம் ‘மலரே’ என்றால் பிரேமம் படத்து மலையாளப் பாட்டைத்தான் போடுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை, அதுவும் நல்லாத்தான் இருக்கு.

---

தோடிபிரியை

வேலணையான் அண்ணா, உங்கள் பட்டியலிலேயே ஒரு குடும்பக் கதை இருக்கிறது. ‘மலரே குறிஞ்சி மலரே’ 1975, ஜேசுதாஸும் ஜானகியும் பாடியது. பிரேமம் ‘மலரே’ 2015, பாடியவர் விஜய் யேசுதாஸ். அப்பா பாடி நாற்பது வருஷம் கழித்துப் பிள்ளையும் அதே சொல்லில் தொடங்கியிருக்கிறார். மொழிதான் வேறு.

பிரேமம் சென்னையில் மலையாளத்திலேயே மாதக்கணக்கில் ஓடியது. அதற்கப்புறம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ‘மலரே’ என்றாலே அந்தப் பாட்டுத்தான்.

---

பழையகேசட்

சொன்னபடி வந்துவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதி, காலிக் கேசட்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சி-60 என்றால் பக்கத்துக்கு அரை மணி, ஆறு ஏழு பாட்டு பிடிக்கும். சி-90 வாங்கினால் பக்கத்துக்கு முக்கால் மணி. சீட்டில் பெரும்பாலும் முதல் வரி மட்டும்தான் இருக்கும், அதுவும் பாதி. ‘ராசாத்தி’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எந்த ராசாத்தி? வைதேகி காத்திருந்தாள் படத்தில் ஜெயச்சந்திரன் பாடியதா, ராசாவே உன்னை நம்பி படத்து ‘ராசாத்தி மனசுல’வா, திருடா திருடாவில் ஷாகுல் ஹமீது வாத்தியமே இல்லாத மாதிரி பாடுகிற ‘ராசாத்தி என் உசுரு’வா?

ஆரம்பத்தில் இரண்டு தடவை மாற்றிப் பதிந்து திட்டு வாங்கினேன். ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்புகிற அன்று கேசட்டை வாங்கிப் போனார். போய்ச் சேர்ந்து கடிதம் போட்டார்: “நீங்கள் பதிந்த மூன்றாவது பாட்டு நான் கேட்டதில்லை, ஆனால் இங்கே அதைத்தான் தினமும் கேட்கிறேன்.” அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்புறம்தான் ஒரு நீளக் கணக்கு நோட்டு போட்டேன். முதல் பத்தியில் பாட்டின் முதல் வரி முழுசாக, அடுத்து படம், அடுத்து பாடியவர்கள், கடைசியில் எந்தத் தட்டு, எந்தப் பக்கம். ‘நி’ எழுத்துக்கு மட்டும் நாலு பக்கம் போதாமல் பின்னால் தாள் ஒட்டினேன். நிலவே என்னிடம் நெருங்காதே (ராமு), நிலாவே வா (மௌன ராகம்), நிலா காயுது (சகலகலா வல்லவன்), நிலவே முகம் காட்டு (எஜமான்), நிலா காய்கிறது (இந்திரா)... ‘நிலா காய்கிறது’ ஒரே படத்திலேயே இரண்டு, ஹரிணி பாடியது ஒன்று, ஹரிஹரன் பாடியது ஒன்று. ‘நிலா காயுது’ கேட்டவருக்கு ‘நிலா காய்கிறது’ பதிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்த இரண்டு பாட்டையும் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒன்று குழந்தைக்குக்கூடப் போடலாம், மற்றது ஆள் பார்த்துப் போடவேண்டியது.

மோசமான சிக்கல் ‘உயிரே’. பம்பாய் படத்தில் ‘உயிரே உயிரே’ பாட்டு 1995இல் வந்தது. மூன்று வருஷம் கழித்து அதே மணிரத்னத்தின் ‘தில் சே’ தமிழில் ‘உயிரே’ என்ற பெயரில் வந்தது. “உயிரே குடுங்க” என்று ஒருவர் கேட்டால் பாட்டைக் கேட்கிறாரா, படக் கேசட்டைக் கேட்கிறாரா? போதாக்குறைக்கு உயிரே படத்தில் ‘என்னுயிரே’ என்று ஒரு பாட்டு வேறு. இரண்டுக்கும் இசை ரஹ்மானே என்பதால் “ரஹ்மான் பாட்டு சார்” என்று சொன்னாலும் தீராது.

---

கடைசிபெஞ்ச்

அந்த நோட்டை ஒரு படம் எடுத்துப் போடுங்களேன் சார்.

---

பழையகேசட்

பரணில் இருக்கிறது தம்பி. பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்யும்போது பார்க்கலாம்.

---

மரபுக்கவி

கேசட் ஐயா ‘நி’ எழுத்துக்குத் தாள் ஒட்டினேன் என்றாரே, நான் சொல்ல வந்த காரணமும் அங்கேதான் இருக்கிறது.

நிலவே, மலரே, உயிரே, அன்பே, வெண்ணிலவே, கண்ணே. எல்லாம் என்ன? விளி. எட்டாம் வேற்றுமை. நம் காதல் பாட்டு எதையாவது கூப்பிட்டுக்கொண்டுதான் தொடங்கும். கூப்பிடுகிற சொல்லின் கடைசியில் ஏகாரம் வரும். ஏகாரம் நெடில், வாயைத் திறந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். ‘மலர்’ என்று முடித்தால் நாக்கு மடங்கிப் பாட்டு அங்கேயே நின்றுவிடும். ‘மலரே’ என்றால் பாடகர் அந்த ‘ஏ’யின் மேல் உட்கார்ந்துகொண்டு சங்கதி போடலாம், அதாவது இசையை விதவிதமாக வளைத்துப் பாடலாம்.

பாட்டு எழுதுகிற முறையும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் மெட்டு முதலில், சொல் அப்புறம். இசையமைப்பாளர் ‘தானன தானானே’ என்று தத்தகாரம் கொடுப்பார், அந்த அளவுக்குள் சொல் விழவேண்டும். மெட்டின் முதல் துண்டு மூன்று எழுத்து, கடைசி எழுத்து நீளம் என்று வந்தால் கவிஞர் கையில் என்ன இருக்கும்? மலரே, நிலவே, உயிரே, கனவே, அழகே. விரல் விட்டு எண்ணிவிடலாம். காதலியைக் கூப்பிடுகிற மாதிரியும் இருக்கவேண்டும், பாமரருக்கும் தெரிந்திருக்கவேண்டும். அப்படியென்றால் ஒரே தொடக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

---

டேட்டாதம்பி

ஐயா சொன்னது புரிகிறது. ஆனால் பாதிக் குழப்பம் கவிஞர்கள் செய்ததில்லை என்பது என் கட்சி. நான் பாட்டுக் கோப்புகளைச் செயலிகளுக்கு அனுப்புகிற வேலையில் இருக்கிறேன், தினமும் இந்தத் தலைவலிதான்.

எங்களுக்கு வருகிற அட்டவணையில் ‘பாட்டின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யாரும் முழு வரியை எழுதுவதில்லை. செல்போன் திரையில் நீளப் பெயர் பாதியில் வெட்டுப்படும், அதனால் ஒரு சொல் அல்லது இரண்டு சொல். ‘வெண்ணிலவே வெள்ளி வெள்ளி நிலாவே’ என்று எழுதியிருந்தால் அதை வேறு எதோடும் யாரும் குழப்பமாட்டார்கள். அது ‘வெண்ணிலவே’ ஆனது. துப்பாக்கியின் ‘வெண்ணிலவே தரையில் உதித்தாய்’ என்பதும் ‘வெண்ணிலவே’ ஆனது. பாட்டுகள் தனித்தனி. நாங்கள்தான் ஒரே பெயராக்கினோம்.

அடுத்து, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். கண்ணான கண்ணே இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘ன’வுக்கு முன்னால் ஒரு ‘ஏ’ போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். எந்தப் படத்துக்கு எத்தனை ‘ஏ’ என்று தெரிந்தால்தான் சரியான பாட்டு மேலே வரும். இல்லையென்றால் எது அதிகம் கேட்கப்பட்டதோ அது வரும். உங்கள் கல்யாணப் பையன் அநேகமாகத் தன் மடிக்கணினியில் ஏற்கெனவே இருந்த கோப்பைப் போட்டிருப்பான். தேடியிருந்தால் விஸ்வாசம்தான் முதலில் வந்திருக்கும்.

கணினிக்குப் பெயரே வேண்டாம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று பன்னிரண்டு எழுத்து எண் உண்டு. முதல் இரண்டு நாடு, அடுத்த மூன்று பதிவுசெய்த நிறுவனம், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். பெண் குரல், ஆண் குரல், கரோக்கே எல்லாவற்றுக்கும் தனி எண். ‘நிலா காய்கிறது’ இரண்டும் அதற்கு இரண்டு ஆட்கள். ஆனால் கல்யாண மண்டபத்தில் போய் பன்னிரண்டு எழுத்து எண்ணைச் சொல்ல முடியுமா?

---

செந்தூர்ப்பயணி

> தேடியிருந்தால் விஸ்வாசம்தான் முதலில் வந்திருக்கும்.

இது என் புண்ணில் உப்பு வைக்கிற தகவல் தம்பி. சரி, அவன் தேடவில்லை, நானும் படத்தின் பெயரை எழுதவில்லை. கணக்கு நேர்.

---

தோடிபிரியை

கச்சேரிப் பக்கம் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கீர்த்தனையின் பெயரோடு ராகத்தையும் சேர்த்துச் சொல்லாமல் யாரும் பேசமாட்டார்கள். ‘மரிவேரே’ என்று மட்டும் சொன்னால் என் குருவே முறைப்பார். ஆனந்தபைரவியா, ஷண்முகப்பிரியாவா? முதலாவது சியாமா சாஸ்திரி, இரண்டாவது பட்டணம் சுப்பிரமணிய ஐயர். தொடக்கம் ஒன்று, பாட்டு வேறு, இயற்றிய சாகித்யகர்த்தா வேறு. கச்சேரிக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமி நோட்டில் எழுதுவதைப் பாருங்கள். பாட்டு, ராகம், தாளம் மூன்றும் இருக்கும்.

திரைப்பாட்டில் அந்த ராகத்தின் இடத்தில் நாம் படத்தின் பெயரை வைத்திருந்தோம். செயலியில் அது சின்ன எழுத்தில் கீழே போய்விட்டது.

---

குறள்நெறி

நான் சட்டம் படித்தவன், ஒரு வரி மட்டும். “அவர் தலைப்பை இவர் திருடிவிட்டார்” என்று ஒவ்வொரு இழையிலும் யாராவது வருவார்கள், அதற்காக. தலைப்புக்கு மட்டும் தனியாகக் காப்புரிமை கிடையாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே ஓர் இந்திப் பட வழக்கில் சொல்லிவிட்டது. ‘மலரே’ யாருடைய சொத்தும் இல்லை.

---

கடைசிபெஞ்ச்

அப்படியென்றால் பாட்டின் முதல் வரியை எடுத்துப் படத்துக்குப் பெயர் வைப்பதும் சரிதானே? நெஞ்சம் மறப்பதில்லை, நானே வருவேன், பொன்மகள் வந்தாள், கண்ணே கலைமானே... இனி மிச்சம் இருக்கிற பல்லவி எவ்வளவு?

அப்புறம் ஒரு சந்தேகம். ‘சின்னஞ்சிறு கிளியே’ முந்தானை முடிச்சு படத்தில் வருவது பாரதியார் பாட்டுத்தானே?

---

மரபுக்கவி

இல்லை தம்பி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்த இழையில் இதுவரை வராத வகை இது.

பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா’ திரையில் பல முறை வந்திருக்கிறது. நான் சொல்வது இரண்டை. 1951இல் மணமகள் படத்தில் சி. ஆர். சுப்பராமன் பல ராகங்களைக் கோத்து ராகமாலிகையாக அமைத்தது, எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினார்கள். கச்சேரிகளின் கடைசியில் துக்கடா என்னும் சின்ன உருப்படியாக இன்றும் பாடுவது அந்த மெட்டைத்தான். பல பேருக்கு அது படத்துப் பாட்டு என்பதே தெரியாது, பாரதியே மெட்டமைத்தார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். 1987இல் நீதிக்குத் தண்டனை படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் அதே வரிகளுக்கு வேறு மெட்டுப் போட்டார். ஜேசுதாஸோடு பாடியவர் அப்போதுதான் திரையில் அடியெடுத்து வைத்த சொர்ணலதா. அவருடைய முதல் பாட்டே அதுதான்.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். சொல் ஒன்றுதான், ஆனால் ஒரே பாட்டு என்று சொல்ல நா எழாது. முன்னதில் தாய் குழந்தையைத் தூக்கிக் கொண்டாடுகிறாள். பின்னதில் குரலுக்கடியில் ஏதோ ஒரு பயம் ஓடுகிறது, எனக்கு அப்படித்தான் படுகிறது.

நீங்கள் சொன்ன முந்தானை முடிச்சுப் பாட்டு 1983, இளையராஜா இசை, ‘சின்னஞ்சிறு கிளியே சித்திரப் பூவிழியே’. முதல் இரண்டு சொல்தான் பாரதி, அதற்கப்புறம் வேறு பாட்டு. எடுத்தாண்டது என்று சொல்லலாம்.

அதே மாதிரி இன்னொரு ஜோடி. ‘சுட்டும் விழிச்சுடர்தான் கண்ணம்மா’ பாரதி எழுதியது, கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் (2000) படத்தில் வந்தது. கஜினியில் (2005) ‘சுட்டும் விழிச் சுடரே’ என்று நா. முத்துக்குமார் அதிலிருந்து ஒரு பொறியை எடுத்துத் தன் பாட்டை ஏற்றிக்கொண்டார். கவனித்தீர்களா, பாரதியின் ‘சுடர்தான்’ இவரிடம் ‘சுடரே’ ஆகிவிட்டது. அதே ஏகாரம்!

---

பழையகேசட்

> கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் (2000) படத்தில் வந்தது

பாடியவர் யார் என்று ஐயா சொல்லாமல் விட்டுவிட்டார். ஹரிஹரன்.

---

கடைசிபெஞ்ச்

😂 இந்த இழைக்கு ஹரிஹரன் இழை என்றே பெயர் மாற்றிவிடலாம்.

---

வேலணையான்

‘கண்ணம்மா’வை மட்டும் வைத்தே தனி இழை தொடங்கலாம். றெக்கயில் ஒன்று, காலாவில் ஒன்று, இஸ்பேட் ராஜாவும் இதய ராணியும் படத்தில் ஒன்று. எல்லாம் 2016க்கும் 2019க்கும் இடையில். பாரதி கூப்பிட்ட பெயரை விட ஒருவருக்கும் மனமில்லை.

வெள்ளைக்காரர் மட்டும் சுத்தம் என்று நினைக்கவேண்டாம். நான் இங்கே வந்த புதிதில் ‘தி பவர் ஆஃப் லவ்’ என்று ஒரு பாட்டு வானொலியில் கேட்டுப் பிடித்துப்போய்த் தட்டு வாங்கப் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் 1984இல் பாடியது, ஹியூயி லூயிஸ் 1985இல் பாடியது, ஜெனிஃபர் ரஷ் பாடியது. மூன்றும் வேறு வேறு பாட்டு, ஒன்றரை வருடத்துக்குள் வந்தவை. இதில் முதலாவதும் மூன்றாவதும் இங்கிலாந்தில் முதலிடம், நடுவிலுள்ளது அமெரிக்காவில் முதலிடம். பிறகு செலின் டியோன் பாடிப் பெரிதாகப் போனது ஜெனிஃபர் ரஷின் பாட்டு. எனக்கு வேண்டியதும் அதுதான், ஆனால் அன்றைக்கு ஹியூயி லூயிஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில போட்டால் கிட்டார் அதிருது.

---

டேட்டாதம்பி

வேலணையான் அண்ணாவுக்கு: இந்த மூன்றையும் பட்டியலில் பிரிப்பது எங்களுக்குச் சுலபம், பாடகர் பெயரைப் பார்த்தால் போதும். அங்கே பாட்டு பாடகருக்குச் சொந்தம். நம் ஊரில் அதே பாடகர் அதே சொல்லில் மூன்று பாட்டுப் பாடிவிடுகிறார். பாடகர், பாட்டின் பெயர் இரண்டும் ஒன்று என்றால் எங்கள் மென்பொருள் “இது ஏற்கெனவே இருக்கிறது” என்று சிவப்புக் கொடி காட்டும். ஒரு தடவை அப்படிக் காட்டியதை நம்பி ஒரு நல்ல பாட்டை இரட்டிப்பு என்று நீக்கப் பார்த்தோம். வயதான மேற்பார்வையாளர் ஒருவர் இரண்டையும் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு “மெட்டு வேறப்பா” என்று தடுத்தார்.

---

தோடிபிரியை

அவருக்கு ஒரு சால்வை போடுங்கள்.

---

செந்தூர்ப்பயணி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

நேற்று வீடியோக்காரர் பேசினார். வரவேற்பு வீடியோவில் அப்பா மேடையில் நிற்கும் இடத்தில் ஒலியை எடுத்துவிட்டுச் சரியான பாட்டை ஏற்றித் தருகிறேன் என்றார். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. ‘கண்ணான கண்ணே, படம் விஸ்வாசம், 2019, இமான் இசை, சித் ஸ்ரீராம் பாடியது, எழுதியவர் தாமரை’ என்று தட்டி அனுப்பினேன். கேசட் சாரின் நோட்டு மாதிரியே. அப்பாவிடம் காட்டினேன். பாட்டு சேர்த்த அந்த நாற்பது விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, “சித்தப்பா பேசுறது கேக்கலையே” என்றார். சின்னத் தாத்தாவின் குரலும் சேர்ந்து போய்விட்டதில் அவருக்கு வருத்தம்.

அடுத்து மாப்பிள்ளையும் தங்கையும் மட்டும் வருகிற ஐந்து நிமிடத் தொகுப்பு. அதற்கு என்ன பாட்டு என்று வீடியோக்காரர் கேட்டார். மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“வெண்ணிலவே போடச் சொல்லுங்க மச்சான்.”

நான் உஷாராக, “எந்த வெண்ணிலவே?” என்றேன்.

“அதான் மச்சான், ஹரிஹரன் பாடினது.”